டி.வி.க்குள் ட்யூனர்: சாவி யார் கையில்?

புது தில்லி: தலைநகரின் தென்மேற்கில் உள்ள துணை நகரமான துவாரகாவில் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும் குடும்பங்கள், திரையின் அளவுக்கும் விலைக்கும் அடுத்தபடியாக ஒரு கேள்வியைச் சந்திக்கின்றன. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், விலைக் கவலை ஓரளவு தணிந்தது. ஆனால், செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே பொருத்தப்பட்ட மாதிரியை வாங்குவதா, அது இல்லாத மாதிரியே போதுமா என்ற கேள்விக்கு மட்டும் கடைக்காரர்களிடம் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அக் கேள்விக்கான பதில் கடையில் இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்திலும், மத்திய அரசின் இரு அமைச்சகங்களுக்கு இடையே சென்ற ஒரு கடிதத்திலும் இருக்கிறது.

ட்யூனர் என்பது வானிலிருந்தோ கம்பி வழியாகவோ வந்து சேரும் பல அலைவரிசைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தரும் சிறு மின்னணுப் பகுதி. பழைய பெட்டிகள் அனைத்திலும் அது இருந்தது. மொட்டை மாடி ஆன்டெனாவின் கம்பியைச் செருகினால் தூர்தர்ஷன் தெரியும். கேபிள்காரரின் கம்பியைச் செருகினால் நூறு சேனல்கள் தெரியும். படுக்கையறையில் இரண்டாவது பெட்டி இருந்தால், அதே கம்பியை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். இடையில் வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

டிஜிட்டல் முறை வந்தபின் ட்யூனர் மூன்று வகையாயிற்று: தரைவழி ஒளிபரப்புக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, செயற்கைக்கோளுக்கு ஒன்று. இன்று விற்பனையாகும் சில மாதிரிகளில் மூன்றும் உண்டு. சிலவற்றில் ஒன்றிரண்டு மட்டும். மூன்றையும் ஒரே மதிப்பில் வைத்துப் பார்ப்பதுதான் வாங்குவோர் செய்யும் தவறு.

தரைவழி ட்யூனரால் இன்று கிடைப்பது மிகக் குறைவு. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள், பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த சுமார் 50 இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடப்பட்டன. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் தில்லி, சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கியது. ஆனால் அதில் வந்தவை தூர்தர்ஷனின் சில சேனல்கள் மட்டுமே. தனியார் சேனல்களுக்கு அந்த வழி திறக்கப்படவே இல்லை.

சட்டம் சொல்வது என்ன?: கேபிள் ட்யூனரின் கதை இன்னும் வினோதமானது. ஐரோப்பாவில் கேபிள் கம்பியை நேரடியாக டி.வி.யில் செருகி இலவச சேனல்களைப் பார்க்கும் வசதி பல நாடுகளில் உண்டு. அதே ட்யூனர் இந்தியாவில் விற்கப்படும் பல மாதிரிகளிலும் இருக்கிறது. ஆனால் துவாரகாவில் அதைப் பயன்படுத்தினால் திரையில் ஒன்றும் தெரியாது.

காரணம், 1995-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு (ஒழுங்குமுறை) சட்டத்துக்கு 2011-ல் செய்யப்பட்ட திருத்தம். ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில், அம்பிகா சோனி தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, முதலில் அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது இத் திருத்தம். அரசு அறிவிக்கும் பகுதிகளில், எந்த சேனலின் நிகழ்ச்சியையும் கேபிள் ஆபரேட்டர்கள் மறைகுறியிட்ட வடிவில், டிஜிட்டல் முறை வழியாகவே வழங்க வேண்டும் என்கிறது அதன் 4ஏ பிரிவு. "எந்த சேனலையும்" என்பதில் கட்டண சேனல் மட்டுமல்ல, இலவச சேனலும் அடக்கம். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் தூர்தர்ஷன் கூட கேபிளில் பூட்டப்பட்ட நிலையில்தான் வீட்டுக்கு வருகிறது. பூட்டைத் திறக்கும் சாவி கேபிள் நிறுவனம் தரும் செட்-டாப் பாக்ஸில் மட்டுமே இருக்கிறது.

திருத்தத்தின் நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அனலாக் காலத்தில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு இருக்கிறது என்பதை ஆபரேட்டர் சொன்னதுதான் கணக்கு. குறைத்துக் காட்டப்பட்ட எண்ணிக்கையால் ஒளிபரப்பு நிறுவனங்களுக்குக் கட்டணமும், அரசுக்கு வரியும் இழப்பாயின. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பாக்ஸ் என்றானதும் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் கணக்குக்காகக் கொண்டுவந்த பூட்டை இலவச சேனல்களுக்கும் போட்டது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

முதல் கட்டத்தில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுக்கும் 2012 ஜூன் 30 எனக் கெடு விதிக்கப்பட்டு, பின்னர் அது அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போனது. தேசியத் தலைநகரப் பகுதி முழுவதும் இதில் சேர்ந்ததால் துவாரகாவும் அன்றோடு பாக்ஸுக்கு மாறியது. வழக்குகளால் சென்னையில் மட்டும் இழுபறி நீடித்தது.

சென்னையின் முன் அனுபவம்: செட்-டாப் பாக்ஸ் விவகாரத்தில் தமிழக வாசகர்களுக்குத் தில்லிவாசிகளை விட அனுபவம் அதிகம். 2002-ல் வாஜ்பாய் அரசில் சுஷ்மா ஸ்வராஜ் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 'காஸ்' எனப்படும் நிபந்தனைக்குட்பட்ட அணுகல் முறை நான்கு பெருநகரங்களிலும் 2003 ஜூலையில் அமலாகியிருக்க வேண்டும். தேதி செப்டம்பர் 1-க்குத் தள்ளிப்போனது. தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் 2003 டிசம்பர் 1-ல் நடைபெறவிருந்த நிலையில், வாக்காளர் வீட்டு டி.வி. திடீரென இருட்டாவதை எந்தக் கட்சியும் விரும்பவில்லை. தலைநகரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மும்பையும் கொல்கத்தாவும் பின்வாங்கின. அறிவித்த நாளில் அது அமலுக்கு வந்த ஒரே நகரம் சென்னை.

தில்லி உயர் நீதிமன்றம் 2006 மார்ச்சில் தலையிட்ட பிறகே, அந்த ஆண்டின் கடைசி நாளில் தென் தில்லி, தெற்கு மும்பை, தெற்கு கொல்கத்தா ஆகிய குறிப்பிட்ட பகுதிகளுக்கு 'காஸ்' வந்தது. அதே 2006-ல் தமிழகத்தில் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு. அவை அனைத்தும் அனலாக் ட்யூனர் கொண்டவை. கம்பியைச் செருகினாலே படம் தந்தவை. டிஜிட்டல் மயம் தமிழகத்தின் கிராமங்களை எட்டியபோது அப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்-டாப் பாக்ஸ் தேவைப்பட்டது.

2007-ல் மாறன் சகோதரர்களுடன் ஏற்பட்ட விரிசலின்போது தி.மு.க. அரசு உருவாக்கி, பின்னர் கிடப்பில் போட்ட அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தை, 2011-ல் ஜெயலலிதா மாதம் ரூ.70 கட்டணத்தில் உயிர்ப்பித்தார். அந் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் மத்திய அரசிடமிருந்து கிடைத்தது. அவ்வாண்டே எடப்பாடி பழனிசாமி அரசு விலையில்லா பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. டி.வி.யை இலவசமாகக் கொடுத்தது ஒரு கட்சி; அதைத் திறக்கும் பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது இன்னொரு கட்சி. பாக்ஸ் யாருடையதோ, வீட்டுக்குள் வரும் சேனல்களின் வரிசையும் அவர்களுடையது என்பதைத் தமிழகக் கட்சிகள் தில்லிக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டன.

டி.டி.எச். நிறுவனங்களின் நிலை என்ன?: வீட்டுக்கு நேரடியாகச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு வழங்கும் நிறுவனங்களுக்கு 2001-ல் வகுக்கப்பட்ட உரிம நிபந்தனைகளில், ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் மற்றொரு நிறுவனத்தின் சேவைக்கும் பயன்பட வேண்டும் என்ற விதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. எழுத்தில் அவ்விதி மீறப்படவில்லை. பாக்ஸில் ஓர் அட்டைச் செருகி இருந்தால் போதும், விதி நிறைவேறியதாகக் கருதப்பட்டது. அதில் செருக வேண்டிய அட்டைச் சாதனமோ சாமானியர் வாங்கும் விலையில் கடைகளில் கிடைக்கவில்லை. நிறுவனத்தை மாற்றும் வாடிக்கையாளர் பழைய பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டுப் புதியது வாங்க வேண்டியிருக்கிறது. கேபிளுக்கு இந்த ஏட்டளவு விதி கூடக் கிடையாது.

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் இதற்குப் பரிந்துரை ஒன்றை அளித்தது. எல்லா பாக்ஸ்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் டிஜிட்டல் டி.வி. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு திறந்த இணைப்புச் செருகி கட்டாயம் இருக்க வேண்டும்; யு.எஸ்.பி. வடிவிலான சிறு சாதனத்தை நிறுவனம் மாறும்போது மாற்றிக் கொண்டால் போதும் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வந்திருந்தால் பூட்டு இருக்கும், ஆனால் சாவியை வாடிக்கையாளரே விருப்பப்படி மாற்றிக் கொள்ளலாம். ட்யூனர் விவாதத்தின் மையமே இதுதான். ஆயினும், பரிந்துரையை ஏற்பதும் ஏற்காததும் அமைச்சகத்தின் விருப்பம் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட திரை கொண்ட டிஜிட்டல் டி.வி.க்களில் திறந்த செருகி கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே விதித்தது. அமெரிக்காவில் 1962-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், எல்லா அலைவரிசைகளையும் பெறக்கூடிய ட்யூனர் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும் என்றது. அதே சட்டத்தைக் கொண்டுதான் 2007 மார்ச்சுக்குள் எல்லாப் பெட்டிகளிலும் டிஜிட்டல் ட்யூனர் வரச் செய்தது அந் நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம். 2009-ல் அனலாக் நிறுத்தப்பட்டபோது, பழைய பெட்டி வைத்திருந்தோருக்கு மாற்றுக் கருவி வாங்க 40 டாலர் கூப்பன் கொடுத்தது அரசு. எனினும் கேபிள் நிறுவனங்களின் பூட்டுக்குப் பொது அட்டை கொண்டுவரும் முயற்சி அங்கும் தோற்றது. 2020-ல் அந்த விதியே கைவிடப்பட்டது. சாவியைக் கைமாற்ற எந்த நாட்டிலும் கேபிள் நிறுவனங்கள் தாமாக முன்வருவதில்லை.

அமைச்சரின் கடிதம்: மத்திய அரசு கையில் எடுத்தது மூன்றாவது வகையை, அதாவது செயற்கைக்கோள் ட்யூனரை மட்டும். 2004 டிசம்பரில் மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது 33 சேனல்களுடன் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச்., இன்று 'ஃப்ரீ டிஷ்' எனப்படுகிறது. மாதக் கட்டணம் கிடையாது. 2021 நிலவரப்படி சுமார் 4.3 கோடி வீடுகளில் அது இருந்ததாக மதிப்பீடு. ஆனால் பூட்டில்லாத இச் சேனல்களைப் பார்க்கவும் தனியே ஒரு பாக்ஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

அப்போதைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் அனுராக் தாக்கூர், 2022 டிசம்பரில் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவுக்கு இது குறித்துக் கடிதம் எழுதினார். டி.வி.க்களில் செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளேயே பொருத்துமாறு உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த மாதமே இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரநிலையை வெளியிட்டது. கூரையிலோ சுவரிலோ டிஷ் ஆன்டெனாவைப் பொருத்திக் கம்பியை நேராக டி.வி.யில் செருகினால் இலவச சேனல்களும் வானொலியும் கிடைக்கும்படியான பெட்டிக்குரிய தரநிலை அது. 2023 பிப்ரவரியில் தாக்கூர், பாக்ஸ் இல்லாமலே 200-க்கும் மேற்பட்ட சேனல்கள் ரிமோட்டில் கிடைக்கும் நாளைப் பற்றிப் பேசினார். முடிவு மற்றொரு அமைச்சகத்துடன் கலந்தே எடுக்கப்படும் என்றும் சேர்த்துக் கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தரநிலை தன்னளவில் யாரையும் கட்டுப்படுத்தாது. மத்திய அரசு தனி ஆணை பிறப்பித்தால்தான் கட்டாயமாகும். அவ்வாறு ஆணையிடும் அதிகாரம் புதிதல்ல. மின் பாதுகாப்பு தொடர்பான தரப் பதிவு இல்லாமல் டி.வி.க்களை விற்கக் கூடாது என்று 2012-ம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை கூறியது. 2020 ஜூலையில் வண்ண டி.வி. இறக்குமதிக்கே உரிமம் வேண்டும் என்று ஒரே அறிவிக்கையில் கட்டுப்பாடு கொண்டுவந்தது மத்திய அரசு. ட்யூனர் விஷயத்தில் மட்டும் தரநிலை விருப்பத்துக்கு உட்பட்டதாக வெளியானது. தங்கள் பெட்டி ஒவ்வொன்றின் அடக்க விலையும் உயரும் என்பது உற்பத்தியாளர்களின் கவலை. ஃப்ரீ டிஷ் பார்க்காத வாங்குவோரும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற வாதத்திலும் பொருள் உண்டு.

அரசின் ஆர்வத்துக்கு அரசியல் காரணமும் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பெறத் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டுகின்றன. அது பிரசார் பாரதிக்கு வருவாய். 2022 ஏப்ரலில் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் இந்திப் பொழுதுபோக்கு சேனல்களை அதிலிருந்து விலக்கிக் கொண்டபோது அதன் கவர்ச்சி சற்றுக் குறைந்தது. எனினும் வட மாநிலங்களின் கிராமங்களையும் ஏழை வீடுகளையும் தொலைக்காட்சியால் எட்ட நினைக்கும் எந்த அரசுக்கும் அதைவிடப் பெரிய வழி வேறில்லை.

விளையாட்டு ரசிகர்களுக்கு இதில் ஒரு நேரடி லாபம் உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்கிறது 2007-ம் ஆண்டின் சட்டம். ஆனால் அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழி, இலவச டி.டி.எச். ஆகியவற்றுக்கு மட்டுமே, கேபிள் வழியாகவோ தனியார் டி.டி.எச். வழியாகவோ செல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் உறுதி செய்தது. எனவே அவ்வகை இந்தியக் கிரிக்கெட் ஆட்டத்தை மாதக் கட்டணம் செலுத்தும் கேபிள் வாடிக்கையாளர் தூர்தர்ஷனில் பார்க்க முடியாது; கட்டணமே செலுத்தாத ஃப்ரீ டிஷ் வீட்டில் பார்க்கலாம்.

துவாரகாவில் எது பயன்படும்?: இங்கு பெரும்பாலோர் வசிப்பது கூட்டுறவுக் குழு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிகளில். ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் இருப்பதால், தில்லியிலிருந்து டிஷ் தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். வடக்கோ மேற்கோ நோக்கிய பால்கனி மட்டும் உள்ளவருக்கு, உள்ளே ட்யூனர் இருந்தும் பயனில்லை. சங்கத்தின் அனுமதியுடன் மொட்டை மாடியில்தான் டிஷ் வைக்க வேண்டும். இரண்டு அறைகளில் இரண்டு டி.வி. இருந்தால், பழைய கேபிள் காலத்தைப் போல ஒரே கம்பியைப் பிரித்துவிட முடியாது. டிஷ்ஷின் முனையில் உள்ள அலைவாங்கியில் இரு வெளியீடுகள் கொண்ட வகை தேவை. வாங்கும் முன் பால்கனியின் திசையைப் பார்ப்பது, விவரக் குறிப்பைப் படிப்பதைவிட அவசியம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொரு சிக்கல். ஃப்ரீ டிஷ்ஷில் இந்தி சேனல்களே பெரும்பான்மை. 2024 ஜனவரியில் 'பொதிகை'யிலிருந்து பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் கிடைக்கும். ஆனால் தில்லித் தமிழர்கள் மாலை நேரத்தில் தேடும் பெரிய தனியார் சேனல்கள் கட்டணப் பூட்டுக்குள் இருப்பவை. அவற்றைப் பார்க்க விரும்புவோர் ட்யூனருக்காகக் கூடுதல் பணம் கொடுத்தாலும், பாக்ஸும் மாதக் கட்டணமும் தவிர்க்க முடியாதவை. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, ஒரு சேனல் கூடக் கட்டணத்துக்கு வாங்காவிட்டாலும் இணைப்புக்கு மட்டும் ரூ.130-ம் அதன் மேல் 18 சதவீத வரியும் செலுத்த வேண்டியிருந்தது நினைவிருக்கலாம். இணைய இணைப்பு மட்டும் போதும் என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கோ எந்த ட்யூனரும் தேவையில்லை. அமெரிக்காவில் 2016-ல் ஒரு முன்னணி நிறுவனம் ட்யூனரே இல்லாத பெட்டிகளை விற்கத் தொடங்கியது அத்தகையோரை நம்பித்தான்.

இந்தியாவிலும் அக் கூட்டம் பெருகுகிறது. 2021-ல் சுமார் 7 கோடியாக இருந்த கட்டண டி.டி.எச். வாடிக்கையாளர் எண்ணிக்கை, டிராய் கணக்கின்படி 2025-ல் 6 கோடிக்கும் கீழே இறங்கியது. பிரசார் பாரதியே 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இணையச் செயலியைத் தொடங்கிவிட்டது. இதைக் காட்டி, ட்யூனர் விவாதமே காலாவதியானது என்று வாதிடுவோர் உண்டு. அகண்ட அலைவரிசை இணைப்பும் அதற்கு மாதக் கட்டணமும் கொடுக்கக்கூடிய துவாரகாவின் மாடிகளுக்கு அது பொருந்தலாம். இணையச் செயலியில் ஓர் ஆட்டம் பார்க்கத் தேவைப்படும் டேட்டாவுக்குக் காசு எண்ண வேண்டிய குடும்பங்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு டிஷ்ஷும், அதன் கம்பியை நேராக வாங்கிக் கொள்ளும் ஒரு டி.வி.யும் இருந்தால் மாதச் செலவு என்பதே இல்லை.

அவர்களுக்காக எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட 2022-ம் ஆண்டின் கடிதத்துக்குப் பின் ஒரு பொதுத் தேர்தல் நடந்து முடிந்தது. ஒளிபரப்பு தொடர்பாக நாடாளுமன்றத்தைச் சுற்றி நடந்த விவாதமெல்லாம், 2023 நவம்பரில் வெளியான ஒளிபரப்புச் சேவைகள் வரைவு மசோதா இணைய நிகழ்ச்சிகளைத் தணிக்கைக்கு உட்படுத்துமா என்பதிலேயே சுற்றி வந்தது. 2024 ஜூனில் அமைந்த புதிய அமைச்சரவையில், கடிதம் எழுதிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும், அதைப் பெற்ற மின்னணு அமைச்சகமும் ஒரே அமைச்சரிடம், கடிதத்தைப் பெற்ற அதே அஸ்வினி வைஷ்ணவிடம் ஒப்படைக்கப்பட்டன.